கடல் வானிலைக்கு முன்னால்

போர்ட் பிளேயரில் வானொலி நிலையம் வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். தமிழில் வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று என் கணவரின் ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சாலை போடுகிற இலாகாவில் வேலை பார்த்தார். லம்பா லைனில் எங்களுக்கு ஒரு சின்ன குவார்ட்டர்ஸ். நாள் முழுவதும் தகரக் கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, வெளியே போக ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. போய் ஒரு தாளை வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி என்னை எடுத்துக்கொண்டவர் ஒரு வங்காளி அதிகாரி. அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது.

தமிழுக்குக் கொடுத்திருந்த நேரம் கொஞ்சம்தான். இரண்டு பாட்டு, ஒரு பேச்சு, மெட்ராஸ் கப்பல் எப்போது வரும் என்ற சேதி, கடைசியில் கடலுக்குப் போகிறவர்களுக்கான வானிலை. பேச்சு பெரும்பாலும் உடம்பைப் பற்றி இருக்கும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கொசு முட்டையிடாமல் பாத்திரத்தை மூடி வையுங்கள் என்று படிப்பேன். யார் கேட்கிறார்கள், யாராவது கேட்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தானே ஸ்டேஷனுக்கு வந்தார். மலையாளி. கையில் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு தாள். அவரும் அதிகாரியும் நானும் பேசிக்கொள்ள எங்களுக்குப் பொதுவாக இருந்தது இந்திதான். அதையும் மூவரும் மூன்று விதமாகப் பேசினோம்.

"இந்த நோயைப் பற்றி யாரும் பேசுவதில்லை" என்றார் டாக்டர். "நோய் வந்தவர்கள் அறவே பேசுவதில்லை. விரல் மடங்கிப்போன பிறகு, பாதத்தில் புண் வந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். முதல் தேமலிலேயே வந்தால் எவ்வளவோ செய்யலாம்."

தாளை வாங்கிப் பார்த்தேன். தொழுநோய். எங்கள் வீட்டில் அம்மா அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே மாட்டாள். 'அந்த வியாதி' என்பாள், அதையும் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள். தமிழில் தொழுநோய் என்று மட்டும் எழுதினால் டீக்கடையில் இருப்பவருக்குப் புரியுமோ என்று, "குஷ்டம் என்று நாம் சொல்கிறோமே, அதுதான்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஒத்திகை முடிந்ததும் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி உள்ளே வந்தார்.

"ஒரு இடத்தில் உங்கள் குரல் கீழே போகிறது. அங்கே என்ன வார்த்தை?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அதை மற்ற வார்த்தைகள் மாதிரியே சொல்லுங்கள். ஜுரம் என்று சொல்வீர்களே, அதே மாதிரி."

தமிழ் தெரியாத மனிதர் காதுக்கே அது கேட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை வீட்டில் சமைத்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒலிபரப்பு நாளில் குரல் கீழே போகவில்லை.

மறுநாள் காலையில் மீன்காரம்மா வந்தார். எங்கள் லைனில் வழக்கமாக மீன் கொண்டுவருகிறவர் அவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். புருஷன் மீன் பிடிப்பவர், சொந்தமாக ஒரு டோங்கி வைத்திருந்தார். தீவில் சின்னப் படகை அப்படித்தான் சொல்வார்கள். டாலிகஞ்சில் வீடு, இரண்டு பிள்ளைகள். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"சாளைதாம்மா இன்னைக்கு. வெள்ளனே வந்தது" என்று கூடையை இறக்கினார். நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "நேத்து சாயங்காலம் ரேடியோவுல பேசுனது நீங்கதான?" என்று கேட்டார்.

இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "எப்படித் தெரியும்?"

"இன்னைக்கு மீன் வேண்டாம்னு சொல்லும்போது ஒரு இழுப்பு இழுப்பீங்க. அதுலயும் அதே இழுப்பு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தேமல்ல உணர்ச்சி இருக்காதுன்னு சொன்னீங்களே. கொஞ்சங்கூட இருக்காதா, இல்ல, மரத்துப்போன மாதிரி இருக்குமா?"

"எழுதிக் கொடுத்ததைப் படிச்சேன். டாக்டருக்குத்தான் தெரியும்."

மீனுக்குரிய காசை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை. லைனின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ரவிக்கையின் கையைக் கொஞ்சம் மேலே தள்ளினார். முழங்கைக்கு மேல் வெளிறிய ஒரு தேமல். தோல் காய்ந்து, ரோமம் இல்லாமல் இருந்தது.

"வெயிலுன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். உள்ளங்கையைத் திருப்பினார். சுண்டு விரலை ஒட்டி ஒரு தீக்காயம் ஆறிக்கொண்டிருந்தது. "இது அடுப்புல பட்டது. தீயுற வாசம் வந்து பாத்தா, என் கை. வலிக்கல."

"டாக்டர்கிட்ட போவோம்" என்றேன்.

"போவோம்னா? நீங்களும் வருவீங்களா?"

"வரேன்."

ஆஸ்பத்திரிக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார், பேச்சை இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்ல. மீன்காரம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பஞ்சு படும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். மணிக்கட்டில் தொட்டதும் "ஆமா" என்றார். தோளில் தொட்டதும் "ஆமா". பிறகு டாக்டர் தேமலின் மேல் பஞ்சை வைத்து மெதுவாக இழுத்தார். திரும்பவும் இழுத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று வரிசையில் நிற்பவர் மாதிரி காத்துக்கொண்டிருந்தார் அவர்.

"இன்னும் தொடலையா?" என்று கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கை நரம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கையை விடாமலேயே பேசினார். நான் தமிழில் சொன்னேன். இது ஆரம்பம்தான். மாத்திரை இருக்கிறது. வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், நடுவில் விடக்கூடாது. இது பாவத்தால் வருவதில்லை, பரம்பரையாகவும் வருவதில்லை. வீட்டிலேயே இருக்கலாம். மீன் விற்கலாம். பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளலாம்.

"கடைசியா சொன்னதை இன்னொரு தரம் கேட்டுச் சொல்லுங்க" என்றார் அவர்.

கேட்டேன். டாக்டர் இன்னொரு தரம் சொன்னார். சின்னப் பெண்ணை ரேடியோ கேட்ட நாளிலிருந்து தனிப் பாயில் படுக்கவைத்திருந்தாராம். எனக்கு அது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

திரும்பும் வழியில் மாத்திரை டப்பாவை என்னிடம் நீட்டினார். "உங்க வீட்டுல இருக்கட்டும். நான் காலையில வந்து போட்டுக்கிடுதேன்."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார். ஊரில் அவருடைய புருஷனின் சித்தப்பாவுக்கு இந்த வியாதி வந்திருக்கிறது. கடற்கரையோரம் ஒரு குடிசை போட்டு அதில் விட்டுவிட்டார்கள். அங்கேயே இருந்து, அங்கேயே செத்துப்போனார். "அந்தக் குடிசையைப் பத்திப் பேச்செடுத்தாலே அவுக எழுந்து போயிருவாக. நல்ல மனுசன்தான். ஆனா இதுக்கு என்ன செய்வாகன்னு தெரியாது. கோயில்ல பூசை நடக்கும்போது சுவிசேஷத்துல அந்தச் சொல்லு வரும். அன்னைக்கெல்லாம் அவுக முகத்தை நான் பாக்கவே மாட்டேன்."

அப்படித்தான் அந்த டப்பா எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், மஞ்சள்தூளுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் கூடையை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்பார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சில நாள் காப்பியும் குடித்துவிட்டுப் போவார். எப்போது என்று நினைவில்லை, 'அம்மா' போய் 'தங்கச்சி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். நானும் அக்கா என்றேன்.

மழைக்காலம் வந்தது. கடல் கெட்டுப்போய்ப் படகு எதுவும் போகவில்லை. மீன் இல்லாமல் லம்பா லைனுக்கு வர அவருக்குக் காரணம் இல்லை. அடுத்தடுத்துப் பல நாள் மாத்திரை விட்டுப்போனது. கடைசியில் மழையில் நனைந்தபடி வெறும் கையோடு வந்து நின்றார்.

"இப்படி எத்தனை நாளைக்கு, அக்கா? அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டாக. மாத்திரையில நிக்கும்னு சொன்னா, என்னைச் சமாதானப்படுத்த ஆஸ்பத்திரிக்காரங்க சொன்ன பொய்னு சொல்லுவாக." தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார். "ரேடியோ சொன்னா நம்புவாக. அது கடலுக்குப் போகாதன்னு சொன்னா அவுக போறதில்ல. ஒருக்கா அதைக் கேட்டு நின்னதுனாலதான் உயிரோட இருக்காக. தங்கச்சி, நீங்க அவுகளுக்குச் சொல்லுங்க."

"ரேடியோவுல எப்படி ஒருத்தருக்குன்னு சொல்றது?"

"எல்லாருக்கும் சொல்லுங்க. அவுகளும் கேப்பாக. டாலிகஞ்சு டீக்கடையில சாயங்காலம் வானிலை கேக்கத்தான் எல்லாரும் வந்து நிப்பாக, பேச்சுக்கு நிக்க மாட்டாக. அதுக்கு முன்னால சொல்லிருங்க."

அதிகாரியிடம் போய், டாக்டரின் பேச்சை ஒரு சின்ன நாடகமாகப் போடலாமா என்று கேட்டேன். புருஷன், பெண்சாதி, இருவர் மட்டும். பேச்சைக் கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குச் சலித்துவிட்டது, நாடகம் என்றால் நிற்பார்கள் என்றேன். வானிலைக்கு முன்னால் வேண்டும் என்றும் சொன்னேன். யாருக்காக என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

எழுதியதை முதலில் அக்காவுக்குத்தான் படித்துக் காட்டினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டார். நாடகத்தில் பெண்சாதி தன் தேமலைக் காட்டி அழுவாள்.

"அவ அழ வேண்டாம், தங்கச்சி" என்றார். "அழுதா அவுக எழுந்து போயிருவாக. சாதாரணமா பேசச் சொல்லுங்க."

அழுகையை எடுத்துவிட்டேன். பெண்சாதியாக நான் பேசினேன். புருஷனாக ஸ்டேஷன் ஜீப் டிரைவர் பேசினார், அவர் ராமநாதபுரத்துக்காரர். பெண்சாதி தேமலைப் பற்றிச் சொல்கிறாள், டாக்டர் சொன்னதைச் சொல்கிறாள். புருஷன் கேட்கிற கேள்விகள் எல்லாம் அக்கா பயந்த கேள்விகள். பிள்ளைகளுக்கு வருமா? ஊருக்குத் தெரிந்தால்? கை போய்விடுமா? கடைசியில் அவன், "சரி, நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன்" என்கிறான். அவ்வளவுதான் நாடகம்.

நாடகம் முடிந்ததும் அதே மூச்சில் நான்தான் வானிலையையும் படிக்க வேண்டியிருந்தது. கடல் கொந்தளிப்பாக இருக்கும், சின்னப் படகுகள் கரையை விட்டுத் தூரம் போக வேண்டாம். படிக்கும்போது மனசு டாலிகஞ்சு டீக்கடையில் இருந்தது.

மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மழை விட்டு வெயிலடித்தது, வேறு மீன்காரர்கள் லைனில் வந்து போனார்கள். நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாலிகஞ்சுக்குப் போய்ப் பார்க்கவும் தயக்கம். அங்கே என் குரலைக் கேட்டு அவர் புருஷனுக்கு எல்லாம் விளங்கிவிட்டால் என்ன செய்வது?

அந்த வாரக் கடைசியில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். உயரமாக, வெயிலில் கறுத்துப்போய், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் இலையில் சுற்றிய ஒரு பாறை மீன்.

"ரேடியோ அம்மா நீங்கதான?" என்றார். யாரென்று சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை, படியிலேயே உட்கார்ந்தார்.

"அவ ஆஸ்பத்திரிக்குப் போறது உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனது தெரியாது, வியாதி தெரியும். உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"போன வருசம் ஈஸ்டருக்குக் கஞ்சிப் பானையைத் துணியில்லாம இறக்குனா. நான் பாத்துட்டு இருந்தேன். அவ முகத்துல ஒண்ணுமே இல்ல. எங்க சித்தப்பாவும் அப்படித்தான், அடுப்புத் தணலைக் கையால எடுத்துப் பீடி பத்த வைப்பாரு. நான் சின்னப் பையன், அதை வித்தைன்னு நெனச்சிட்டு இருந்தேன்." கடலைப் பார்க்கிற மாதிரி லைனைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னையில இருந்து பானை இறக்குறது நான்தான். என்ன புதுசான்னு கேட்டா. சும்மாதான்னேன்."

"ஏன் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா ஊருக்குக் கப்பலேறிப் போயிருவா, அம்மா. பிள்ளைகளுக்கு ஒட்டிரும்னு பயந்துக்கிட்டு அவளே போயிருவா. போனா அங்க எங்க வைப்பாகன்னு எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் வச்சது நான்தான். கொஞ்சம் உக்காந்துட்டுப் போலேன்னு கூப்பிடுவாரு. ஒரு நாளும் உக்காந்ததில்ல."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்தார்.

"அந்த நாடகம் வந்தப்ப ஒருத்தன், நிறுத்துப்பா இந்தச் சனியனைன்னான். கடைக்காரன் நிறுத்தல, வானிலை போயிரும்லா. நின்னுக்கிட்டே முழுசும் கேட்டேன். மாத்திரையில நின்னுரும்னு அந்தப் பொம்பளை சொன்னா பாருங்க, அது எனக்குத் தெரியாது. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. வானிலைக்கு நிக்காம வீட்டுக்குப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அவ அடுப்பு முன்னால உக்காந்திருந்தா. அவளும் பக்கத்து வீட்டு ரேடியோவுல கேட்டிருக்கா. என் முகத்தைப் பாக்கல. மாத்திரை எங்க வச்சிருக்கன்னு கேட்டேன். ரேடியோ அம்மா வீட்டுலன்னா." எழுந்து நின்றார். "அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

மஞ்சள்தூளுக்குப் பக்கத்திலிருந்து டப்பாவை எடுத்துவந்து கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளையும் அந்த வாரம் டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அக்கா வராததற்கு அதுதான் காரணம்.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, நோய் அடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, அக்காவே ரேடியோவில் பேசினார். பெயர் சொல்ல வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். "நான் மீன் கூவுற குரலைக் கேட்டு எழுந்திரிக்கிற சனம்தான் இங்க முக்கால்வாசி. பேரு எதுக்கு?" என்றார் அக்கா. தேமலில் உணர்ச்சி திரும்பி வரவில்லை. சுண்டு விரல் லேசாக மடங்கியபடியே நின்றுவிட்டது. அதையும் மறைக்காமல் சொன்னார். பேசும்போது அவர் புருஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரிக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. லம்பா லைனில் சில வீடுகளில் அவரிடம் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடச் சொன்னார்கள். அந்த வீட்டுக்கு அப்புறம் அவர் போகவே இல்லை. "அவங்களுக்குச் சாளை திங்கக் கொடுத்துவைக்கல" என்பார். ஆனால் ராத்திரி என்ன நினைத்துக்கொண்டு படுத்தார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி அதே பேச்சை வங்காள மொழியிலும் தெலுங்கிலும் வேறு ஆட்களை வைத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு முன்பைவிட அதிகம் ஆட்கள் வருகிறார்கள், விரல் நேராக இருக்கும்போதே வருகிறார்கள் என்று டாக்டர் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு காலையில் கராச்சர்மாவிலிருந்து பஸ் ஏறி ஒரு வங்காளிப் பெண் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். யார் யாரிடமோ விசாரித்து வந்திருக்கிறாள். முந்தானையால் கழுத்தின் ஒரு பக்கத்தை மூடியிருந்தாள். ரேடியோவில் பேசிய மீன்காரப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று தீவு இந்தியில் சொன்னாள். அக்கா அப்போது என் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தார். அந்தப் பெண்ணிடம் எதுவும் கேட்கவில்லை. இதற்குள் பழகியிருந்த இந்தியில் "ஆவோ, பஹன்", வா தங்கச்சி, என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு, தங்கச்சி? டாக்டரைத்தான் எனக்குத் தெரியுமே. கூடையை மட்டும் நிழல்ல வச்சிருங்க."

இருவரும் லைனைத் தாண்டி பஸ் நிற்கிற பக்கம் போனார்கள். நான் கூடையை உள்ளே எடுத்துவைத்து, மீனின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். சாயங்காலம் படிக்க வேண்டியது பாக்கி இருந்தது, அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.